மரக் கப்பல் மாடல் கட்டத் தொடங்குவோருக்கு: பீகிளை வைத்து ஒரு வழிகாட்டி

முதல் கிட்டாக, அதாவது பாகங்களும் வரைபடமும் அடங்கிய மாடல் பெட்டியாக, விக்டரியை வாங்க ஆசை வருவது இயல்பு. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பல், 104 பீரங்கி, மூன்று பாய்மரம், பெட்டி மேலேயே ஆளை மயக்குகிற படம். ஆனாலும் இப்போது வேண்டாம். அந்தக் கப்பலில் கடினமான வேலையைவிட, ஒரே வேலை திரும்பத் திரும்ப வருவதுதான் ஆளைச் சோர்வடைய வைக்கும். முதல் பீரங்கி வண்டியைச் செய்யும்போது சந்தோஷமாக இருக்கும். முப்பதாவது வண்டிக்குள் அந்தச் சந்தோஷம் போய்விடும், பெட்டி பரணுக்குப் போய்விடும்.

முதலில் கைக்கு வர வேண்டியது பலகை ஒட்டும் வேலை, அதாவது மெல்லிய மரப் பட்டிகளை எலும்புக்கூட்டின் மேல் வளைத்து ஒட்டிக் கப்பலின் உடலை மூடுவது. அதற்கு ஒரு சின்னப் படகு போதும். அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் நிறுவனம் புதியவர்களுக்கென்றே மூன்று கிட்களை வரிசையாகப் போட்டிருக்கிறது: கிராண்ட் பேங்க்ஸ் டோரி, நார்வீஜியன் பிராம், மஸ்காங்கஸ் பே லாப்ஸ்டர் ஸ்மாக். ஒன்றைவிட அடுத்தது கொஞ்சம் கடினம். மூன்றையும் செய்தால் நல்லது, முதலாவதை மட்டுமாவது செய்யுங்கள்.

அதற்கு அடுத்த கட்டமாக நான் சொல்வது எச்.எம்.எஸ். பீகிள். 1820 மே 11 அன்று லண்டனை ஒட்டிய வூலிச் கப்பல் கட்டும் தளத்தில் நீரில் இறங்கிய கப்பல் அது. முதலில் இரண்டு பாய்மரம்தான். 1825-இல் ஆய்வுப் பயணத்துக்காக மாற்றியபோது மூன்றாவது பாய்மரம் வந்தது. 1831 டிசம்பர் 27 அன்று டார்வினை ஏற்றிக்கொண்டு பிளிமத்திலிருந்து கிளம்பியது. தள நீளம் சுமார் 90 அடி, அகலம் இருபத்துநாலரை அடி. ஸ்பெயினின் ஒக்ரே நிறுவனம் 1:60 அளவில், அதாவது நிஜக் கப்பலின் அறுபதில் ஒரு பங்காக, இதற்கு கிட் விற்கிறது. அந்த அளவில் 90 அடி என்பது 46 செ.மீ. மேசையில் அடங்கும், பீரங்கி குறைவு, மூன்று பாய்மரக் கயிற்று வேலையும் கிடைக்கும். இனி நான் சொல்லும் கணக்கெல்லாம் இந்த 1:60-க்குத்தான். உங்கள் கிட் வேறு அளவு என்றால் 60-க்குப் பதில் அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் பல கிட்கள் திருட்டு நகல்கள். இன்னொருவர் வருடக்கணக்கில் உழைத்து வரைந்த வரைபடத்தை எடுத்து, மோசமான மரத்தில் வெட்டி விற்கிறார்கள். உதிரி பாகம் குறைந்தால் கேட்க ஆளிருக்காது. வடிவமைத்தவர் யார், வெளியிட்டவர் யார் என்று தெரியாத பெட்டியை வாங்காதீர்கள்.

பெட்டியைத் திறந்ததும்

ஒட்ட ஆரம்பிக்க வேண்டாம். பட்டியலை வைத்துப் பாகங்களைச் சரிபாருங்கள். மரப் பட்டிகளை வெளியே எடுத்து, வேலை செய்யப்போகும் அறையிலேயே சில நாள் வையுங்கள். கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஈரக்காற்றில் மரம் ஊதும், ஏசி அறையில் சுருங்கும். ஊதிய நிலையில் ஒட்டினால் அப்புறம் பலகைகளுக்கு நடுவே கோடு கோடாக இடைவெளி தெரியும்.

நடு எலும்பான கீல் தகட்டை ஒரு கண்ணாடி மேல் படுக்க வைத்து, நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ப்ளைவுட் என்பதால் வளைந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. லேசாக ஈரத்துணியால் துடைத்து, தட்டையான பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான பொருளை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். இதைத் தவறவிட்டால் கப்பலே முறுக்கிக்கொள்ளும். பிறகு எந்த உப்புத்தாளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பட்டிகளைப் பிரிப்பதும் இப்போதே செய்ய வேண்டிய வேலை. ரேகை நேராகவும் நிறம் சீராகவும் இருப்பவை மேல்தளத்துக்கும் வெளியே தெரியும் மேல்பகுதிக்கும். சுழியும் வெடிப்பும் உள்ளவை அடிப்பகுதிக்கு.

கருவிக்கு ஆரம்பத்தில் அதிகம் செலவழிக்க வேண்டாம். கூரான கத்தியும் நிறைய மாற்று பிளேடும், இரும்பு ஸ்கேல், நுட்பமாக அளக்க வெர்னியர் காலிப்பர், சின்ன இழைப்புளி, 120 முதல் 400 வரை உப்புத்தாள், அரை மி.மீ. துளை போடும் கை டிரில், இடுக்கி, குண்டூசி, துணி கிளிப், ஹேர் டிரையர் போதும். பசைக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைதான் பிரதானம். ஃபெவிக்விக் வகை உடனடிப் பசையை உலோகத்துக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அது மரத்தில் படிந்த இடத்தில் வார்னிஷ் ஏறாது, திட்டாகத் தெரியும். மரத்தூளும் அந்தப் பசையின் ஆவியும் நுரையீரலுக்கு ஆகாதவை. முகக்கவசம் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

இன்னொரு கருவியை நீங்களே செய்துகொள்ள வேண்டும். கெட்டி அட்டையில் 28 மி.மீ. உயரத்துக்கு ஒரு மனித உருவத்தை வெட்டுங்கள். 1:60-இல் ஓர் அடி என்பது 5 மி.மீ., ஐந்தரை அடி ஆள் 28 மி.மீ. கைப்பிடிச் சுவர், கதவு, ஏணிப்படி, சுக்கான் சக்கரம் எதைப் பொருத்தும் முன்பும் அந்த ஆளைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கயிறு கட்டும் முளையின் நீளமே ஆளின் தொடை வரை வந்தால் அது தப்பு. கிட்டில் வரும் பொதுவான உதிரிபாகங்கள் பல கப்பல்களுக்காக ஒரே அளவில் வார்க்கப்பட்டவை. இந்த அட்டை ஆள் அவற்றில் பாதியை உடனே காட்டிக்கொடுத்துவிடுவார்.

எலும்புக்கூடு

பல்க்ஹெட் எனப்படும் குறுக்குத் தகடுகளைக் கீலில் செங்குத்தாக நிறுத்த வேண்டும். மூலைமட்டம் வைத்து ஒட்டுங்கள். லெகோ கட்டைகள் வீட்டில் இருந்தால் அவையே நல்ல மூலைமட்டம். தகடுகளுக்கு நடுவே ஒரே நீளத்தில் வெட்டிய மரத்துண்டுகளைச் செருகி ஒட்டினால் கீல் இனி எப்போதும் வளையாது. அணியத்திலும் அமரத்திலும், அதாவது முன்முனையிலும் பின்முனையிலும், பால்சா கட்டையை நிரப்பி வடிவத்துக்கு இழைத்துக்கொள்ளுங்கள். பலகை கடுமையாக வளையும் இடம் அதுதான், ஒட்டிக்கொள்ள அங்கே பரப்பு வேண்டும். கிட் சொல்லாவிட்டாலும் செய்யுங்கள்.

அப்புறம் சரிவு இழைத்தல். தகடுகளின் ஓரம் வெட்டியபடி சதுரமாக இருக்கும், கப்பலின் உடலோ முனைகளை நோக்கிக் குறுகும். ஒரு பட்டியை நான்கைந்து தகடுகள் மேல் வளைத்துப் பிடியுங்கள். அது ஒவ்வொரு தகட்டிலும் முழு ஓரமும் பட உட்கார வேண்டும். ஒரு முனையில் மட்டும் தொட்டால் அந்த முனையை இழையுங்கள். அடிக்கடி பட்டியை வைத்துப் பாருங்கள், ஒரே மூச்சில் இழைத்துத் தள்ளாதீர்கள். சலிப்பான வேலை, ஆனால் வெளியே தெரியும் வளைவின் அழகு முழுக்க இங்கேதான் தீர்மானமாகிறது.

பலகை ஒட்டுவது

மாடல் கட்டுவதில் உயிர்நாடியான கட்டம் இது. கிட் கையேடுகள் பெரும்பாலும் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிடும். பலகையை நேராகவே ஒட்டிக்கொண்டு போ, முனையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் கூராக வெட்டிச் செருகு என்பார்கள். அப்படிச் செய்தால் அணியத்தில் ஊசிமுனைகளாக நிற்கும். உண்மையான கப்பலில் ஊசிமுனையில் ஆணி அடிக்க முடியாது, நீர்க்கசிவும் நிற்காது. அதனால் எந்தத் தச்சரும் அப்படிக் கட்டவில்லை.

சரியான முறை கணக்கில் தொடங்குகிறது. கப்பலின் நடுவில், மேல்தள விளிம்பிலிருந்து கீல் வரை உடலை ஒட்டிய மாதிரி ஒரு காகிதப் பட்டையை வைத்து நீளம் எடுங்கள். 90 மி.மீ. வருகிறது என்று வையுங்கள். உங்கள் பட்டி 5 மி.மீ. அகலம், ஆக 18 பலகை. இப்போது அணியத்தில் அதே மாதிரி அளந்தால் 60 மி.மீ.தான் வரும். அங்கேயும் அதே 18 பலகை அடங்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் 3.3 மி.மீ. அகலத்துக்குக் குறுக வேண்டும். ஒவ்வொரு பல்க்ஹெட்டிலும் இப்படி அளந்து, 18-ஆல் வகுத்து, தகட்டின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். எல்லாக் கோடும் விழுந்ததும் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். புள்ளிகள் ஓடும் வரிசை கண்ணுக்குச் சீராக இருக்க வேண்டும். எங்காவது எம்பியோ தாழ்ந்தோ தெரிந்தால் கணக்கை விட்டுவிட்டுக் கண்ணை நம்புங்கள்.

முனையில் பலகை பாதி அகலத்துக்கும் கீழே குறுகக்கூடாது. அப்படி வந்தால் அங்கே இரண்டு பலகைகளை ஒன்றாக்கி இறக்க வேண்டும். அமரத்தில் இதற்கு நேர்மாறு, இடம் அதிகமாகும். அங்கே ஓர் அரைப் பலகையைக் கூடுதலாகச் செருகுவார்கள்.

பட்டியை இழைப்புளியால் குறுக்கி, தண்ணீரில் கால் மணிநேரம் ஊறவைத்து, கப்பல் மேலேயே வளைத்து கிளிப் போட்டு ஹேர் டிரையரால் காயவையுங்கள். நன்றாகக் காய்ந்து ஆறியதும் கிளிப்பை எடுத்தாலும் அந்த வளைவு அப்படியே நிற்கும். நின்றால்தான் பசை போட வேண்டும். வளையாத பலகையைக் குண்டூசியால் அடக்கி ஒட்டினால் அது வருஷக்கணக்கில் எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஈரமாக இருக்கும்போது ஒட்டவும் கூடாது.

இடப்பக்கம் ஒரு பலகை, வலப்பக்கம் ஒரு பலகை என்று மாறி மாறிப் போங்கள். ஒரே பக்கம் ஏற்றிக்கொண்டு போனால் கப்பல் அந்தப் பக்கம் இழுக்கும். மேலிருந்து சில பலகை, கீலிலிருந்து சில பலகை என்று வந்து, வயிற்று வளைவில் சந்திக்கவைத்தால் கடைசித் துண்டு கண்ணில் படாத இடத்தில் விழும். கீலை ஒட்டிய முதல் பலகையை அணியத்தில் மேலே ஏறவிடாதீர்கள். அது ஏறினால் அதற்கு மேலுள்ள எல்லாப் பலகையும் நெருங்கிப் பிதுங்கும்.

ஒக்ரே பீகிளில் இரண்டு அடுக்கு. முதல் அடுக்கில் சின்னக் குறை இருந்தால் ஃபில்லர் பூசி, தேய்த்துச் சமன் செய்யலாம். அதனால் முதல் அடுக்கைப் பயிற்சிக் களமாக எடுத்துக்கொண்டு, முழு ஒழுங்கோடு செய்யுங்கள். இரண்டாவது அடுக்கு மெல்லிய பட்டி. பட்டியின் அடியிலும் முதல் அடுக்கின் மேலும் வெள்ளைப் பசை தடவிக் காயவிட்டு, இடத்தில் வைத்துச் சின்ன இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றினால் பிடித்துக்கொள்ளும். செம்புத் தகடு மூடப்போகும் அடிப்பகுதிக்கு நல்ல பட்டிகளை வீணாக்க வேண்டாம்.

கிட்டைவிட நல்ல கப்பலாக்குவது

இதுவரை கிட்டை ஒழுங்காகக் கட்டுவது பற்றிச் சொன்னேன். இனி அதை மேம்படுத்துவது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: அலங்காரத்தை மாற்றுவதற்கு முன், உண்மைக் கப்பல் எப்படி இருந்தது என்பதைத் தேடுங்கள். விலை உயர்ந்த மரமும் தங்கப் பூச்சும் தராத உயிரை ஒரு சின்ன வரலாற்று விவரம் தந்துவிடும்.

பீகிள் இன்று இல்லை, 1870-இல் உடைப்பதற்காக விற்றுவிட்டார்கள். ஆனால் கேப்டன் ஃபிட்ஸ்ராய் பயணத்துக்கு முன் கப்பலில் செய்த மாற்றங்களை எழுதிவைத்திருக்கிறார், கப்பலில் சென்ற ஓவியர் கான்ராட் மார்ட்டென்ஸின் படங்களும் இருக்கின்றன. மேல்தளத்தைப் பின்னால் எட்டு அங்குலமும் முன்னால் பன்னிரண்டு அங்குலமும் உயர்த்தினார்கள். அறுபதில் அது சுமார் 3.4 மி.மீ., 5 மி.மீ. உங்கள் கிட்டின் கைப்பிடிச் சுவர் உயரம் பொருந்துகிறதா என்று அட்டை ஆளோடு சேர்த்துப் பாருங்கள். பாய்மரங்களில் ஹாரிஸ் என்பவர் கண்டுபிடித்த இடிதாங்கிகளைப் பொருத்தினார்கள். பாய்மரத்தின் நீளத்துக்கு ஒரு மெல்லிய செம்புக் கீற்றைப் பதித்துவிட்டால் உங்கள் மாடலிலும் அது வந்துவிடும். பீரங்கிகளில் பெரும்பாலானவை பித்தளை. இரும்பு திசைகாட்டியைக் குழப்பும் என்று ஃபிட்ஸ்ராய் பித்தளையை விரும்பினார். கடற்கரை வரைபடம் எடுக்கப் போகிற கப்பலுக்கு அது பெரிய விஷயம். ஆகவே 1831-ஆம் வருடத்துப் பீகிளில் பீரங்கிக்குக் கறுப்பு அடிக்க அவசரப்பட வேண்டாம், கிட்டின் பித்தளையை மெருகு மங்கவிட்டு அப்படியே வைக்கலாம்.

அடிப்பகுதிச் செம்புக்கு வருவோம். பிரிட்டிஷ் கடற்படைச் செம்புத் தகடு நாலடி நீளம், பதினாலு அங்குல அகலம். 1:60-இல் அது 20.3 மி.மீ., 5.9 மி.மீ. கிட்களில் பெரும்பாலும் இதைவிடப் பெரிய தகடு வரும், ஒவ்வொன்றிலும் ஆணித்தலைகள் பரு மாதிரி எழும்பி நிற்கும். நிஜத்தில் அந்த ஆணிகள் தகட்டோடு சமமாக அடிக்கப்பட்டவை, அறுபதில் ஒன்றாகச் சுருக்கினால் கண்ணுக்கே தெரியாது. வண்ணக் கண்ணாடி வேலைக்கு விற்கும் ஒட்டும் செம்பு டேப் ஏழு முப்பத்திரண்டாம் அங்குல அகலத்தில், அதாவது 5.6 மி.மீ.யில், சுருளாகக் கிடைக்கிறது. கிட்டத்தட்ட நமக்கு வேண்டிய அளவு. இருபது மி.மீ. துண்டுகளாக வெட்டி, அமரத்திலிருந்து முன்னோக்கி ஒட்டிக்கொண்டு வாருங்கள். முன்தகட்டின் விளிம்பு பின்தகட்டின் மேல் கொஞ்சம் ஏற வேண்டும், ஓடும் நீர் விளிம்பைக் கிளப்பாமல் இருக்க. ஒட்டும் முன் மரத்தை மழமழவென்று தேய்த்து, சீலர் எனும் மரத்துளை அடைக்கும் பூச்சைப் பூசி, தூசி துடைத்திருக்க வேண்டும். கையில் உள்ள வேர்வை செம்பில் கைரேகையாகப் பதியும். மெல்லிய கையுறை போடுங்கள்.

மேல்தளத்தில் செய்ய வேண்டியது சுலபம். கிட்டின் பட்டியை முழு நீளத்துக்கு ஓட்டாமல் 100 முதல் 120 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள், இருபது இருபத்துநாலு அடிப் பலகைக்கு அதுதான் அளவு. தளத்தைத் தாங்கும் ஒரே உத்திரத்தின் மேல் இரண்டு மூட்டு வந்தால் இடையில் மூன்று பலகையாவது இருக்க வேண்டும். பலகையின் ஒரு ஓரத்தில் மட்டும் மென்மையான பென்சிலை ஓட்டினால் நிஜக் கப்பலில் பலகை இடுக்குகளில் தார் அடைத்த கோடு போல வந்துவிடும். இரண்டு ஓரத்திலும் தடவினால் கோடு தடித்துவிடும். மர ஆணிகளைக் காட்ட ஆசை என்றால் அரை மி.மீ. துளையில் மூங்கில் குச்சியைச் சீவிச் செருகலாம். நிறம் பலகையோடு ஒட்டி வர வேண்டும். கரும்புள்ளிகளாகத் தெரிந்தால் தளம் அம்மை போட்டது போல் ஆகிவிடும்.

கப்பியும் கயிறும்

கிட்டின் கப்பிகள் பெரும்பாலும் சதுரக் கட்டைகள். ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவின் உள்ளே உப்புத்தாளை ஒட்டி, மூடியின் நடுவே ஒரு போல்ட்டைப் பொருத்தி, அதை டிரில்லில் மாட்டுங்கள். கப்பிகளைப் போட்டு மெதுவாகச் சுழற்றினால் சில நிமிஷத்தில் மூலைகள் உருண்டு, முட்டை வடிவம் வந்துவிடும். காசே இல்லாத மேம்பாடு, பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவதும் இதுதான்.

கயிற்றுக்குக் கொஞ்சம் செலவு செய்யலாம். கிட்டில் வரும் நூல் பஞ்சு பஞ்சாகப் பிசிறும். பாலியெஸ்டரிலோ லினனிலோ முறுக்கிய மாடல் கயிறு தனியாகக் கிடைக்கிறது. மூன்று இழையை வைத்து நீங்களே முறுக்கவும் செய்யலாம். தடிமனைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழைய பிரிட்டிஷ் பட்டியல்களில் கயிற்றின் அளவு சுற்றளவாக இருக்கும், விட்டமாக இல்லை. எட்டு அங்குலக் கயிறு என்றால் விட்டம் 65 மி.மீ., நம் அளவில் 1.1 மி.மீ. இரண்டு அங்குலக் கயிறு 0.27 மி.மீ. சுற்றளவை விட்டமாக எடுத்துக்கொண்டால் கயிறு மூன்று மடங்கு தடித்துவிடும். ஐந்தாறு தடிமன்களாவது வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாக் கயிறும் ஒரே தடிமனில் இருந்தால் கப்பல் பொம்மையாகத் தெரியும். பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் தார் பூசியவை, ஆகவே கருமை கலந்த பழுப்பு. பாயையும் பருமலையும், அதாவது பாய் தொங்கும் குறுக்கு மரத்தையும், இழுக்கும் ஓடுகயிறுகள் வெளிர் பழுப்பு.

நிலைக்கயிற்றில், பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரவுட் எனும் கயிறுகளை ஜோடி ஜோடியாக மாட்டுங்கள். முதல் ஜோடி வலப்பக்கம் முன்னால், அடுத்தது இடப்பக்கம் முன்னால், பிறகு மீண்டும் வலம். இப்படி மாறி மாறி வந்தால் பாய்மரம் ஒரு பக்கம் சாயாது, கப்பலிலும் இதே முறைதான். கீழே மூன்று துளை வட்டக்கட்டைகள், டெட்ஐ என்பவை, எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். கம்பியை U வடிவில் வளைத்து, கீழ்க்கட்டையிலும் மேல்கட்டையிலும் செருகிக்கொண்டால் இடைவெளி மாறாது. கயிற்றைக் கட்டி முடித்ததும் கம்பியை உருவிவிடலாம்.

ஏணிக் கயிறுகளுக்கு, ராட்லைன்களுக்கு, 6 மி.மீ. இடைவெளியில் கோடு போட்ட தாளை ஷ்ரவுட்களுக்குப் பின்னால் வையுங்கள். ஒவ்வொரு ஷ்ரவுட்டிலும் க்ளோவ் ஹிட்ச் முடிச்சு. இழுத்துக் கட்டக் கூடாது. இழுத்தால் ஓரத்து ஷ்ரவுட் உள்ளே வளைந்து இடுப்பு வைத்துவிடும். ஒரு நாளைக்குச் சில வரிசைகளோடு நிறுத்திக்கொண்டால் முடிச்சின் இறுக்கம் கடைசி வரை ஒரே மாதிரி இருக்கும். உயரம் அதிகமுள்ள இடத்திலிருந்து கீழே வருவதைவிட, கீழிருந்து மேலே போவது கைக்கு வசதி.

முளைகளில் தொங்கும் கயிற்றுச் சுருள்களைக் கப்பலிலேயே சுற்ற முயல வேண்டாம். ஒரு தக்கையில் குண்டூசிகளைக் குத்தி, அதில் கயிற்றைச் சுற்றி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தொட்டுக் காயவிட்டு, தனியாகக் கழற்றிக் கொண்டுவந்து முளையில் மாட்டுங்கள். பசை முழுக்க இறுகும் முன்பே சுருளின் அடியை விரலால் கீழே இழுத்துவிட்டால் கனமான கயிறு தொங்கும் தோற்றம் வரும்.

எல்லாம் முடிந்ததும் முதல் வாரத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். கயிற்றில் படிந்த தூசியை அப்புறம் எடுக்கவே முடியாது. பெட்டியின் அடியில் காற்றுப் போக ஒரு சின்ன இடைவெளி விடுங்கள். வெயில் விழும் ஜன்னலோரமும் ஏசியின் நேர்க் காற்றும் வேண்டாம்.